செர்போ இறங்காத வண்டி

அலிசேத்தா போர்கோ இருபத்திரண்டு வயதுக்குள் விதியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவை இவை. மூளைக்காய்ச்சல் வஹிகுயா ஊரை வாரிக்கொண்டு போன ஆண்டில், பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணி எடுத்து வைத்த பிறகும் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட உயிர்; அதற்கு விலையாக வலது காது போயிற்று. துகான் ஊருக்குப் போகும் சாலையோரம் பாட்டிலில் பெட்ரோல் விற்கும் பதினான்கு ஆண்களின் வரிசையில் பதினைந்தாவது பலகை. ஒன்பது வருடம் கோழி முட்டையிட்ட என்ஜினில் ஓட்டம். மோட்டார் சாமான் வார்க்கவே மாட்டேன் என்று நின்ற பானைக்கார சைதூவின் கையால் வார்த்த ஒரு மூடி. எல்லாவற்றுக்கும் கடைசியாக, அந்த வண்டி.

அந்தக் கடைசியை அவள் எப்படி வென்றாள் என்று அவளுடைய அண்ணன் ஹமாதோவைக் கேட்டால் தேதி வாரியாகச் சொல்வான். ஆறு வருடப் பள்ளிக்கூடமும் இருபது வருடத் தையல் மெஷினும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அளவும் தேதியும்தான். ஆனால் அதில் எந்தத் தேதியில் நடந்தது கேலி, எந்தத் தேதியில் நடந்தது நிஜம் என்று கேட்டால் அவனுக்கு இன்றுவரை தெரியாது.

வண்டி அவர்களுடைய அப்பாவுடையது. மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் உத்தியோகம் அவருக்கு. பச்சை நிற யமஹா நூறு, இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, பின்னால் ஊசிப்பெட்டி. 1998 ஜனவரியில் ஒரு சுற்றுப் பயணத்தில் எண்ணெய் தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டி, பிஸ்டன் இறுகிப்போய், பதினொரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். என்ன ஆயிற்று என்று பார்க்க என்ஜினின் இடது பக்கத்து மேக்னட் மூடியைக் கழற்றி சீட்டின்மேல் வைத்தார். அதைத் திரும்ப மாட்ட அவருக்கு நாள் கிடைக்கவில்லை. புழுதிக்காற்றில் இருமல் பிடித்துப் படுத்தவர் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வீட்டு செர்போ, அப்பாவின் முப்பது வருடத் தோழர். அவர் சாமோ இனம். போர்கோ குடும்பம் மொசி. இந்த இரண்டு இனத்துக்கும் நடுவே உள்ள கேலியைப் பார்த்தால் மாமன் மச்சான் கேலியெல்லாம் தோற்றுப்போகும். மொசி சாமோவைப் பார்த்து நாய்த்தலை தின்னி என்பான். சாமோ மொசியைப் பார்த்து என் அடிமையே என்பான். யாருக்குக் கோபம் வருகிறதோ அவனுக்குத்தான் அவமானம். சாவு வீட்டில் இந்த உரிமை உச்சத்துக்குப் போகும். செத்தவரைத் தடையில்லாமல் அனுப்பிவைக்க ஒரு கேலிக்காரன் முதலில் தடை போட வேண்டும், வீட்டார் அதை மீட்க வேண்டும்.

அன்றைக்கு செர்போ செத்தவரின் தொப்பியை மாட்டிக்கொண்டு, வண்டியை வாசலுக்குக் குறுக்கே இழுத்து நிறுத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். வாயாலேயே என்ஜினை ஓட்டினார். கையில் ஒரு துடைப்பக்குச்சி. அழுதுகொண்டிருந்தவர்கள் தோளிலெல்லாம் ஊசி போட்டார்.

"ஏய், அசையாதே! அசைஞ்சா ஊசி ஒடைஞ்சிரும். ஆமா, மாட்டுக்குப் போடுற ஊசிதான். நீ மட்டும் என்ன மனுஷனா, மொசிதானே?"

அழுத பெண்கள் சிரித்துவிட்டு மறுபடியும் அழுதார்கள்.

"வண்டி இப்ப என்னுது. மீட்டுட்டு அப்புறமா உங்கப்பனைத் தூக்குங்கடா, அடிமைகளா."

மகன் தலை குனிந்து, வெற்றிலைபாக்குபோல மென்று தின்னும் கோலாக்கொட்டையை இரண்டு கையாலும் ஒரு பிடி கொடுக்க வேண்டும். கேலிக்காரர் வாங்கிக்கொண்டு இறங்குவார். அத்தோடு முடிந்தது. ஹமாதோவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கோலாக்கொட்டை வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள், அவன் மறந்துவிட்டான். நூறு கண்கள் பார்க்க வெறுங்கையோடு நின்றவனுக்கு வாய் முந்திக்கொண்டது.

"எறங்கவே வேணாம், நீயே வெச்சுக்க! பின்னாடி நாய்த்தலையைக் கட்டிக்கிட்டு ஊர்கோலம் போ!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. செர்போ மட்டும் சிரிக்கவில்லை. துக்க வீட்டு மகன் மீட்க வேண்டியவன்; எதிர்க்கேலி பேச வேண்டியவன் அல்ல. அவர் ஹமாதோவை ஒரு கணம் பார்த்தார். வாயால் ஓட்டிய என்ஜினை நிறுத்தினார். யாரும் மீட்காமலே இறங்கி, வண்டியைத் தள்ளி வழி விட்டார். சீட்டின்மேல் இருந்த மூடி அன்றைக்குக் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பது வருடம் அந்த வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. 2007 ஏப்ரல் 9, திங்கட்கிழமை காலை அலிசேத்தா அதிலிருந்து கோழியை இறக்கினாள். பெட்ரோல் பலகைக்கு முன்னால் பழுதாகி நிற்கும் வண்டிகளையெல்லாம் நான்கு வருடம் பார்த்துப் பார்த்து, எந்த மெக்கானிக் எதை எந்தத் திருகில் தொடங்குகிறான் என்பது அவளுக்கு மனப்பாடம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினாள். கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள். அசையவில்லை. காலையில் ஒருமுறை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருமுறை, தினமும் ஊற்றினாள், ஆட்டினாள். இருபத்து மூன்றாம் நாள் தையல் கடைக்கே ஓடிவந்தாள்.

"அண்ணே, மூச்சு விட்டுச்சு."

"எவ்வளவு?"

"ஒரு நூல்."

நூலைப் பற்றி ஹமாதோவுக்குத் தெரியும். கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தான். சக்கரம் ஒரு நூலளவு நகர்ந்து நின்றது.

சிலிண்டரைத் துணிக் கந்தையில் சுற்றி பஸ்ஸில் தலைநகரத்துக்கு அனுப்பி, அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து வாங்கினார்கள். டேங்குக்குள் துரு அப்பியிருந்தது. அலிசேத்தா அதில் புளித்தண்ணீரும் சரளைக்கல்லும் போட்டு மூடி, தண்ணீர் விற்கும் கழுதை வண்டிக்கு அடியில் கட்டிவிட்டாள். மூன்று நாள் கழுதை ஊரைச் சுற்றிற்று. டேங்க் கடகடவென்று குலுங்கி உள்ளே வெள்ளியாயிற்று. சைலன்சரில் அடைத்திருந்த கரியை எரிக்க அம்மாவின் அடுப்பில் செருகினாள்.

"கம்பங்களியில சைலன்சர் வாசம் அடிக்குதுடி," என்றாள் அம்மா. "உன்னைக் கட்டிக்கப்போறவன் மெக்கானிக்கா இருந்தாத்தான் திம்பான்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செர்போவின் தலை எழும்பும்.

"என்ன அடிமை, என் டேங்குக்குக் கழுதை சவாரியா? எசமானைக் கேட்டியா?"

"கேட்கலை, நாய்த்தலைச் சித்தப்பா," என்பான் ஹமாதோ. "கழுதைதான் கேட்டுச்சு, உள்ள கடகடன்னு கத்துறது உங்க சொந்தக்காரனான்னு."

எல்லோரும் சிரிப்பார்கள். அலிசேத்தா மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவளுடைய வலது காதுப் பக்கம்தான் அந்தச் சுவர்.

வண்டியை அவள் தனக்கென்று மாற்றியதும் உண்டு. கால் எட்டுவதற்காக சீட்டை நான்கு விரல் இறக்கினாள். புது உறையைத் தைத்தது ஹமாதோ, ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். பின்கேரியரை இரண்டு பாட்டில் பெட்டி நிற்கும்படி அகலமாக்கினாள். வலது பக்கம் வருவது காதில் விழாது என்பதால் அந்தப் பக்கம் ஒரு லாரிக் கண்ணாடியைப் பொருத்தினாள். அது வண்டிக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கண்ணாடி. பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவளுக்கு அதில் அரைச் சாலை தெரிந்தது. என்ஜினைச் சோதிக்க நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியை இடது காதுக்குப் பின்னெலும்பில் அழுத்திக்கொள்வாள்.

மூடிதான் எங்கும் கிடைக்கவில்லை. மூடியில்லாமல் போனால் மேக்னட்டில் புழுதி புகுந்துவிடும். அலுமினியப் பானை வார்க்கும் சைதூவிடம் போனாள்.

"நான் பானை வார்க்கிறவன் தாயி. வேணும்னா உன் வண்டிக்கு ஒரு குழம்புச்சட்டி வார்த்துத் தரேன்."

ஆறு சாயங்காலம் போய் அவருக்கு மணல் சலித்தாள். ஏழாம் நாள் வேப்பமரக்கட்டையில் செதுக்கிய மாதிரியை மணல்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சைதூ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடையாளம் என்ன போடணும்? என் பட்டறையில அடையாளம் இல்லாம எதுவும் வெளியே போகாது."

எழுதத் தெரியாத அவள் மாதிரியில் மூன்று கோடு கிழித்தாள். ஓட்டை விழுந்த ஒரு களிப்பானை உருகி மேக்னட் மூடி ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஹமாதோவிடம் ஒரு காக்கித் துண்டை நீட்டினாள். "என் பேரை இதுல போட்டுக் குடுண்ணே." காது போன பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விட்ட தங்கை. அவன் மெஷினில் உட்கார்ந்து சிவப்பு நூலால் பிரெஞ்சில் பன்னிரண்டு எழுத்தையும் ஓட்டிக் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து அவளுடைய கருவிப் பெட்டியில் அந்தத் துண்டு எண்ணெய்க் கறுப்பேறிக் கிடந்ததைப் பார்த்தான். பிளக் துடைக்கத்தான் கேட்டாள்போல என்று நினைத்துக்கொண்டான். மனது சுருங்கிற்று.

2010 ஜனவரி 30, சனிக்கிழமை, நாற்பத்தோராவது உதையில் வண்டி கிளம்பிற்று. முற்றம் முழுக்க நீலப்புகை. அம்மா குலவையிட்டாள். ஹமாதோ சுவரைப் பார்த்தான். செர்போவின் தலை இருந்தது. கேலி வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது சித்தப்பா."

"சரி," என்று இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் ஹமாதோவுக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை நாள் 'என் வண்டி, என் வண்டி' என்றாரே, அது எத்தனையாவது நாளில் கேலியாக இல்லாமல் போனது? முதல் நாளே இல்லையா?

அடுத்த மாதம் 16-ஆம் தேதி, வண்டியை அப்பா பெயரிலிருந்து தங்கை பெயருக்கு மாற்ற நகராட்சி அலுவலகம் போனார்கள். அப்பா வண்டி வாங்கிய நாளிலிருந்து தெரிந்த பெரியவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். செர்போவை விட்டால் வேறு யார்? கூப்பிட்டதும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

எழுத்தர் அலிசேத்தாவின் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தார். கறுப்பாக ஒரு பொட்டுதான் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் பொட்டு.

"ரேகையே இல்லையேம்மா. என்ன வேலை பார்க்கிறே?"

"அரம் போடுறேன்."

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

அவள் மை படிந்த விரலைத் துடைத்துக்கொண்டாள். எழுத்தர் அடுத்த கேள்விக்குப் போனார். "இந்த வண்டிக்கு வேற யாரும் உரிமை கேட்கிறாங்களா?"

"ஆமா, நான்தான்," என்றார் செர்போ. "இது ரெண்டும் என் அடிமைங்க. அடிமையோட வண்டி எசமான் வண்டி."

ஹமாதோ சிரித்தான். அவனுக்கே தெரியும், அளவுக்கு மேல் சத்தமாகச் சிரித்தான். எழுத்தரும் பாதி சிரித்துவிட்டு, செர்போவின் முகத்தைப் பார்த்து மீதியை நிறுத்திக்கொண்டார்.

"பெரியவரே, எனக்கும் கேலிமுறைக்காரங்க இருக்காங்க. ஆனா இந்தத் தாள்ல கேலிக்குக் கட்டம் இல்ல. நிஜமா, விளையாட்டா?"

"அவனைக் கேளுங்க. அவங்கப்பன் மய்யத்து வீட்டுல கெடக்கும்போது இந்த வண்டியை என்ன பண்ணச் சொன்னான்னு."

"என்ன சொன்னீங்க?"

"வெச்சுக்கன்னு... ஆனா அது வந்து..."

"சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

எழுத்தர் பேனாவை மூடினார். "பேசி முடிச்சிட்டு வாங்க."

அன்று மாலை ஹமாதோ சந்தையிலேயே நல்ல வெள்ளைக் கோலாக்கொட்டையாகப் பொறுக்கிக்கொண்டு செர்போவின் வீட்டுக்குப் போனான். தலை குனிந்து இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"நீ குடுத்தவன்டா. குடுத்த கை மீட்க முடியாது."

"சித்தப்பா, விளையாடாதீங்க. மூணு வருஷம் அவ உழைச்சிருக்கா."

"நான் பன்னெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன். மீட்காம எறங்கினது எறங்கினதா? இடுப்பு நோவுது எனக்கு."

பிறகு உள்ளே போய், ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். அப்பாவின் தொப்பி. அதற்குள் மேக்னட் மூடி, புழுதி படியாமல், துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக. தங்கை மூடிக்காக நாயாய் அலைந்த நாட்களில் இந்த மனிதர் இதைத் துடைத்து வைத்துக்கொண்டா சுவருக்கு மேல் சிரித்தார்? தரையில் விழுந்த ஊசியைத் தேடுவதுபோல் அவர் முகத்தில் சிரிப்பைத் தேடினான். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. கோபப்படலாமா? கேலிமுறைக்காரரிடம் கோபப்பட்டால் மானம் போகும். கோபப்படாவிட்டால் வண்டி போகும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தங்கையின் இடது பக்கம் உட்கார்ந்து சொன்னான். மூடியைப் பற்றிச் சொன்னபோது அவள் கையிலிருந்த ஸ்பேனர் ஒரு கணம் நின்று, பிறகு திருகியது.

"அண்ணன் கை மீட்க முடியாதுன்னா என் கை மீட்கட்டும். நான் ஒண்ணும் குடுக்கலையே."

"அவர் கேலி பண்றாரா, நிஜமாத்தான் சொல்றாரான்னே புரியலையேடி."

"எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்லைண்ணே. எது எந்தக் காதுப் பக்கம் வருதுன்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டுக்கும் சேர்த்துச் செஞ்சுட்டாப் போச்சு."

மார்ச் 12, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு வண்டியை செர்போவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏறுங்க சித்தப்பா."

"எங்கடி?"

"அப்பாகிட்ட. அவருக்கு மறிச்ச வழி இன்னும் மறிச்சே கெடக்குல்ல."

செர்போ உள்ளே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தோடு வந்து ஏறினார். ஹமாதோ சைக்கிளில் பின்னால் மிதித்தான். என்ஜின் ஓடும் சத்தத்துக்கு மேல் கிழவர் வாயாலும் ஓட்டிக்கொண்டு போனார். தெருவில் போனவர்கள் கையைத் தட்டினார்கள். இதற்குத்தானா இவ்வளவும், சவாரிக்கு ஆசைப்பட்ட விளையாட்டா என்று ஹமாதோவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. லாரிக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கன்னம் நனைந்திருந்தது. நம்பிக்கை போயிற்று.

கப்ருஸ்தானில், அப்பாவைப் புதைத்த இடத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. கிழவர் அசையவில்லை.

"மீட்டா எறங்குவேன்."

அலிசேத்தா இறங்கி நின்று, ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே மடியிலிருந்த கோலாக்கொட்டையை எடுத்தாள். பிறகு வண்டியை இடுப்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும், தலை குனிந்து நீட்டினாள். செர்போ ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடிக்க முடியவில்லை. துப்பவும் இல்லை.

"பல்லு இருக்கும்போதே குடுத்திருக்கக் கூடாதா, அடிமை?"

இறங்கக் காலைத் தூக்கினார், இடுப்பு வரவில்லை. அவள் வண்டியை அவர் பக்கம் சாய்த்தாள். நான்கு விரல் இறக்கிய சீட்டு. கால் தரையைத் தொட்டுவிட்டது. நின்று, அங்கியைத் தட்டிக்கொண்டு, கல்லைப் பார்த்துச் சொன்னார்.

"யோவ் போர்கோ, எறங்கிட்டேன்யா. நீ போ."

பிறகு பொட்டலத்தைப் பிரித்து மூடியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, வண்டியில் மூன்று கோட்டோடு இருந்த தன்னுடைய மூடியைப் பார்த்தாள், இதையும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டிக்கு மூடி இருக்கு சித்தப்பா. இதை நீங்களே வெச்சுக்கங்க."

சாவு வீட்டில் ஹமாதோ சொன்னதும் இதுதான். அதே வார்த்தை. செர்போ அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே வாய்டா! வெச்சுக்க, வெச்சுக்க! மொசிக்காரனுக்கு வேற வார்த்தையே சொல்லித் தரலையா?"

இருமல் வரும்வரை சிரித்தார். இருமி முடித்து மறுபடி சிரித்தார். அது மன்னித்த சிரிப்பா, பன்னிரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பா, இல்லை வெறும் சிரிப்புதானா என்று ஹமாதோவுக்கு விளங்கவில்லை. தானும் சேர்ந்து சிரித்தான். அளவு சரியாக இருந்தது.

மறுபடி அலுவலகம். அதே மேசை, அதே எழுத்தர்.

"உரிமை கேட்கலை," என்றார் செர்போ. "எறங்கியாச்சு. ஆனா இதுங்க இன்னும் என் அடிமைங்கதான். அதை எழுத வேணாம்."

எழுத்தர் அலிசேத்தா பக்கம் மைப்பெட்டியைத் தள்ளினார். அவளுடைய விரலைப் பார்த்ததும் அவருக்குப் பழையது நினைவுக்கு வந்து, என்ன செய்வது என்று யோசித்தார். அலிசேத்தா மைப்பெட்டியை ஓரமாக ஒதுக்கினாள். இடுப்பிலிருந்து ஒரு கறுத்த துண்டை எடுத்து மேசைமேல் நீவி விரித்தாள். எண்ணெய்க்கு அடியில் சிவப்பு நூல் அங்கங்கே தெரிந்தது. தெரியாத இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். தடவித் தடவியே அந்தத் துணி அப்படிக் கறுத்திருந்தது என்பது ஹமாதோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுத்தரின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். திருகுக்குத் திருகு நிறுத்திப் பார்ப்பதுபோல எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பன்னிரண்டையும் எழுதி முடித்தாள்.

2010 மார்ச் 16, செவ்வாய்க்கிழமை.